முதல் எல்.பி. எதுவாக இருக்கட்டும்? சேலத்து ராக் ரசிகருக்கு ஐந்து ஆல்பங்கள்

புதிதாக டர்ன்டேபிள் என்னும் இசைத்தட்டுக் கருவி வாங்கியவர் யாராக இருந்தாலும் எங்கள் வட்டத்துக்குள் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, மொதல்ல எந்த ரெக்கார்டு வாங்கலாம்?" என்பதுதான். வட்டம் என்று பெரிதாகச் சொல்வதற்கில்லை. சேலம் அழகாபுரத்தில் ஒருவர் வீட்டு மாடியிலும், மழை ஓய்ந்த மாதங்களில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து வீடு ஒன்றிலும் கூடி, பழைய ராக் ஆல்பங்களை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்டுவிட்டு, பிறகு அவற்றைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடும் சிலர்தான் அது. அந்தக் கேள்விக்கு ஒவ்வொருவரும் தமக்கு உயிரான ஆல்பத்தின் பெயரைத்தான் பதிலாகச் சொல்வார்கள். கேட்டவர் ஐந்து பெயர்களுடன் குழம்பிப் போய், கடைசியில் எங்கோ பார்த்த "தலைசிறந்த நூறு" பட்டியலில் மேலே இருப்பதை வாங்கிவிடுவார். ஒரு புதிய எல்.பி.க்கு, அதாவது முழு ஆல்பம் அடங்கிய பெரிய இசைத்தட்டுக்கு, சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. சம்பளக்காரர் மாதம் ஒன்று வாங்கினாலே பெரிய விஷயம். ஆகவே "எது உயர்ந்த ஆல்பம்" என்பதைவிட "என் வீட்டில், என் கருவியில், இப்போது எது நன்றாக ஒலிக்கும்" என்று பார்த்து முடிவெடுப்பதே சரி என்பது என் கட்சி.

எங்கள் வாதங்களில் திரும்பத் திரும்ப அடிபடும் பெயர்கள் ஐந்து: பிங்க் ஃபிளாய்டின் "தி டார்க் சைட் ஆஃப் தி மூன்" (1973), லெட் செப்பலினின் தலைப்பில்லாத நான்காவது ஆல்பம் (1971), பீட்டில்ஸின் "அபே ரோடு" (1969), ஈகிள்ஸின் "ஹோட்டல் கலிஃபோர்னியா" (1976), டீப் பர்ப்பிளின் "மெஷின் ஹெட்" (1972). ஐந்தையும் நான் விரும்பிக் கேட்பவன். இவற்றில் ஒன்றைத் தாழ்த்திப் பேசுவதாகத் தோன்றினால், அது முதல் தட்டு என்ற தகுதியைப் பற்றிய பேச்சு மட்டுமே.

ஒப்பீட்டுக்கு முன் இசைத்தட்டின் இயல்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் என் முடிவு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற மாறாத வேகத்தில் சுழல்கிறது. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 50 செ.மீ. நீளமுள்ள பள்ளம் ஓடுகிறது. நடு லேபிளை நெருங்கும்போது அந்த நீளம் சுமார் 20 செ.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. அதே இசையை அந்தக் குறுகிய நீளத்துக்குள் அடக்க வேண்டியிருப்பதால், ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் உச்ச ஸ்தாயி மங்கும், "ஸ" ஒலி சீறும், ஓங்கிய கிடார் கரகரக்கும். நல்ல நீள்வட்ட ஊசியும் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் ஒழுங்காகப் பொருத்தியும் இருந்தால் இது பெரிதாகத் தெரியாது. முதல் முறை வாங்குபவரிடம் பெரும்பாலும் இருப்பது கூம்பு ஊசி போட்ட மலிவான கருவிதான். இரண்டாவது சங்கதி, ஒரு பக்கத்தின் நீளம். இருபது நிமிடங்களுக்கு மேல் போகப் போகப் பள்ளங்களை நெருக்கி, ஒலியளவைக் குறைத்து வெட்ட வேண்டியிருக்கும்; அப்போது தூசியின் சடசடப்பு இசையைத் தாண்டிக் கேட்கும். சேலத்தில் தூசிக்கு என்ன குறை?

"டார்க் சைட்" ஆல்பத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் பட்டியல்கள் எல்லோரையும் முதலில் அங்கேதான் அனுப்புகின்றன. 1973 முதல் 1988 வரை அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் விற்பனைப் பட்டியலில் மொத்தம் 741 வாரங்கள் இடம்பிடித்திருந்த ஆல்பம் அது. அதன் பெருமையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லண்டனின் அபே ரோடு ஸ்டூடியோவில் ஆலன் பார்சன்ஸ் ஒலிப்பதிவாளராக இருந்து பதிந்த அதன் ஒவ்வொரு நொடியும் திட்டமிட்டது. "டைம்" பாட்டின் முகப்பில் ஒரே நேரத்தில் அலறும் கடிகாரங்கள், பார்சன்ஸ் முன்னரே கடிகாரக் கடையில் தனித்தனியாகப் பதிந்து வைத்திருந்தவை. "மணி" பாட்டின் தாளம் ஏழு எண்ணிக்கை கொண்டது. கல்லாப்பெட்டி ஓசையையும் நாணயங்கள் உருளும் ஓசையையும் டேப்பில் வெட்டி ஒட்டி வளையமாக்கி அந்த ஏழுக்குள் பொருத்தியிருக்கிறார்கள். கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிச்ர சாபு போட்டுப் பழகிய கை, கிடார் தனி ஆவர்த்தனத்தில் தாளம் நாலுக்கு மாறுவதைச் சட்டென்று பிடித்துவிடும்; எங்கள் வட்டத்தில் மிருதங்கம் கற்ற ஒரு பெண் முதல் தடவையிலேயே பிடித்தார், பல வருடங்களாகக் கேட்டுவந்த ஆண்கள் அதன் பிறகுதான் விரல்விட்டு எண்ணினார்கள்.

தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் டீச்சர் ஒருவர் எங்களுடன் கேட்க வருவார். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டான "தி கிரேட் கிக் இன் தி ஸ்கை"யைக் கேட்டு முடித்ததும் அவர் சொன்னது, "வார்த்தை இல்லாத ஒப்பாரிங்க இது" என்பது. சாவைப் பற்றிய பாட்டு என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அதில் பாடிய கிளேர் டோரிக்கு அப்போது கொடுத்த சம்பளம் 30 பவுண்டு. பின்னாளில் அவர் வழக்குத் தொடுத்து, 2005இல் சமரசமாகி, இசையமைப்பில் அவர் பெயரும் சேர்ந்தது. டீச்சரின் ஒரு வரியை நான் படித்த எந்த விமர்சனத்தை விடவும் மேலாக மதிக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் இதை முதல் தட்டாக வாங்க வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆல்பம் ஒரு இதயத் துடிப்புடன், ஏறக்குறைய ஒலியே இல்லாத இடத்திலிருந்து மெல்ல எழுகிறது. முடிவதும் அதே துடிப்பில்தான். இடையிலும் பாட்டுக்குப் பாட்டு இடைவெளி இல்லாமல், சின்னச் சின்னப் பேச்சுக் குரல்களும் காலடியோசைகளும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அங்கெல்லாம் ஒரு தூசி விழுந்திருந்தால்கூட ஊசி அதைத்தான் முதலில் சொல்லும். மின்விசிறி ஓடும் அறையில், கீழே வண்டிகள் போகும் தெருவில், அந்த மெல்லிய ஒலிகளில் பாதி காணாமல் போய்விடும். இரண்டாம் பக்கம் 23 நிமிடங்களைத் தாண்டுகிறது. மொத்த ஆல்பமும் ஏறி வந்து சேரும் "எக்லிப்ஸ்" லேபிளுக்கு மிக அருகில், உள் பள்ளத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. நல்ல கருவி அமைந்த பிறகு, விசிறி வேண்டாத ஏற்காட்டு இரவில் கேட்க வேண்டிய ஆல்பம் இது. அதுவரை ஹெட்போனில் கேளுங்கள், குறைவொன்றும் இல்லை. உறை அழகுக்காக மட்டும் வாங்குவேன் என்பவரோடு எனக்கு வழக்கில்லை. முப்பட்டகத்திலிருந்து பிரியும் நிறக்கோடு, உறையைத் திறந்தால் உள்ளே இதயத் துடிப்பின் அலையாகத் தொடர்கிறது. கையில் பிரித்து வைத்துப் பார்க்க வேண்டிய வடிவமைப்பு அது.

லெட் செப்பலினின் நான்காவது ஆல்பம்தான் என் மனத்தைக் கடைசி வரை இழுத்தது. உறையில் ஆல்பத்தின் பெயரும் இல்லை, குழுவின் பெயரும் இல்லை. உள்ளே நான்கு பேருக்கு நான்கு குறியீடுகள் மட்டுமே. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்துக்குப் போய், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான ஒலிப்பதிவு வண்டியை வாசலில் நிறுத்தி, பெரும்பகுதியை அங்கேயே பதிந்தார்கள். கடைசிப் பாட்டான "வென் தி லெவி பிரேக்ஸ்" 1927ஆம் ஆண்டின் மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி கான்சாஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் 1929இல் பதிந்த புளூஸ் பாட்டு. செப்பலின் அதை எடுத்துக்கொண்டு, ஜான் பான்ஹமின் டிரம்ஸைக் கூடத்தின் தரையில் வைத்து, மேலே மாடிப்படியிலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்தது.

எங்களோடு கேட்பவர்களில் கோயில் திருவிழாக்களுக்கு மைக்செட் கட்டும் அண்ணன் ஒருவர் உண்டு. கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக் காலத்தில் பம்பையும் உடுக்கையும் மைக்கில் எப்படிப் பிடிப்பது என்பது அவருக்குத் தொழில். இந்தப் பாட்டின் முதல் நாலு அடி கேட்டவுடன், ஒலிப்பதிவைப் பற்றி ஒன்றும் அறியாமலே, "மைக்க எட்டத்துல, ஒசரத்துல வெச்சிருக்கான்" என்றார். அறையே சேர்ந்து அடிபடுகிறது என்பதைக் காதால் அளந்து சொன்ன அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, "டிரம்ஸ் கனமாக இருக்கிறது" என்ற வகை விமர்சனங்கள் எங்களுக்குச் சப்பென்று போய்விட்டன. இந்தியக் காதுக்கு இந்த ஆல்பத்தில் இன்னொரு ஈர்ப்பும் உண்டு. ஒவ்வொரு கையிலும் இரண்டு குச்சி பிடித்து பான்ஹம் வாசித்த "ஃபோர் ஸ்டிக்ஸ்" பாட்டை, 1972இல் குழுவின் கிடார் கலைஞர் ஜிம்மி பேஜும் பாடகர் ராபர்ட் பிளான்ட்டும் பம்பாய்க்கு வந்து நம் ஊர்க் கலைஞர்களை வைத்து மறுபடியும் பதிந்து பார்த்தார்கள்.

ஆனால் முதல் பக்கத்தின் கடைசியில் "ஸ்டெயர்வே டு ஹெவன்" இருக்கிறது. எட்டு நிமிடப் பாட்டு. தனிக் கிடாரும், புல்லாங்குழல்போல ஒலிக்கும் ரெக்கார்டர் என்னும் ஊதுகுழல்களுமாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கிடார் தனி வாசிப்புக்குப் பிறகு பிளான்ட் உச்சியில் கத்திப் பாடும் இடம் சரியாக ஊசி லேபிளை நெருங்கும் இடம். இருபத்திரண்டு நிமிடப் பக்கத்தின் உள் பள்ளம், அதிலும் ஆல்பத்தின் மிக ஓங்கிய குரல். எங்கள் வட்டத்துக்குப் புதிதாக வந்த கல்லூரி மாணவி, தன் மலிவுக் கருவியில் அந்த இடம் கிழிவதைக் கேட்டுத் தட்டில்தான் பழுது என்று நினைத்தார். அதே தட்டு அழகாபுரத்து மாடியில் சுத்தமாக ஓடியது. ஊசியை மாற்றும் எண்ணம் இருந்தால் இதை வாங்கலாம். இல்லையென்றால் எந்தப் பாட்டுக்காக வாங்கினீர்களோ அந்தப் பாட்டுதான் உங்களை ஏமாற்றும்.

"அபே ரோடு" பற்றி எங்களுக்குள் சண்டை குறைவு. மெட்டுக்காக உயிரை விடுபவர், குறிப்பாகத் தமிழ்த் திரையிசையில் வளர்ந்து மெட்டு இல்லாத இசையைச் சகிக்காதவர், இதை வாங்கிவிட்டுப் போகலாம். ஜார்ஜ் ஹாரிசனின் "சம்திங்" ஒன்றே போதும். முதல் பக்கத்தின் முடிவில் "ஐ வான்ட் யூ" சுழன்று சுழன்று கனத்துக்கொண்டே போய், பாதி வீச்சில் கத்தரித்ததுபோல் நின்றுவிடும், புதிதாகக் கேட்டவர்கள் "கரண்ட் போச்சா?" என்று பல்பைப் பார்த்திருக்கிறார்கள். அந்த மௌனத்தில் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட்டால் "ஹியர் கம்ஸ் தி சன்" வரும். அந்த இடைவெளி எல்.பி.யில் மட்டுமே கிடைக்கிற இன்பம். செயலியில் கேட்பவருக்கு இரண்டு விநாடியில் அடுத்த பாட்டு வந்துவிடுகிறது. இரண்டாம் பக்கத்தில், முடிவு பெறாத துண்டுப் பாட்டுகளை ஒரே சரமாகக் கோத்து, "தி எண்ட்" பாட்டில் ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸ் தனி வாசிப்பையும், மூவரும் மாறி மாறி வாசிக்கும் கிடாரையும் கொண்டுவந்து முடித்திருக்கிறார்கள். குறை என்றால், முதல் பக்கம் 24 நிமிடங்களையும் கடந்துவிடுகிறது. "மேக்ஸ்வெல்ஸ் சில்வர் ஹாமர்" என்னும் குழந்தைத்தனமான பாட்டை எல்.பி.யில் தாண்டிப் போகவும் சோம்பலாக இருக்கிறது. உருக்காலையில் ஓய்வு பெற்ற சார் ஒருவர் அந்தப் பாட்டுதான் ஆல்பத்திலேயே சிறந்தது என்று இன்றுவரை சாதிக்கிறார். அவரிடம் வாதாடி வென்றவர் இல்லை.

"ஹோட்டல் கலிஃபோர்னியா"வை விரைவாகக் கடக்கிறேன். தலைப்புப் பாட்டு கல்லூரி விழா மேடைகளில் வாசித்து வாசித்துத் தேய்ந்தது. அதைக் கேட்க இசைத்தட்டு வேண்டியதில்லை. டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் இறுதியில் இரட்டையாக வாசிக்கும் கிடார் எத்தனை முறை கேட்டாலும் அலுப்பதில்லை என்பது உண்மை, அது வெளிப் பள்ளத்தில், முதல் பாட்டிலேயே இருப்பதால் மலிவு ஊசியிலும் நன்றாக ஒலிக்கும் என்பதும் உண்மை. ஆனால் நடுவில் உள்ள பாட்டுகளில் சிலவற்றை யாரும் விரும்பி மறுபடி போடுவதை நான் பார்த்ததில்லை. கடைசிப் பாட்டான "தி லாஸ்ட் ரிசார்ட்" விதிவிலக்கு. அழகான இடத்தைத் தேடிப் போகும் மனிதன் அந்த இடத்தையே விற்று அழிப்பதைச் சொல்லும் அந்தப் பாட்டை, சில்வர் ஓக் மரங்களை வெட்டி விடுதி எழும்பும் ஏற்காட்டுச் சாலைகளைப் பார்த்துவிட்டு வந்து கேட்டால் கூடுதலாகக் கனக்கும்.

என் தேர்வு "மெஷின் ஹெட்". இதைச் சொன்னால் வட்டத்திலேயே சிலர் முகம் சுளிப்பார்கள். காரோட்டுவதையும் விண்வெளிக் கூத்தையும் பற்றிய பாட்டுகள், ஆழமான சிந்தனை எதுவும் இல்லை என்பார்கள். அது சரிதான். வரிகளில் பிங்க் ஃபிளாய்டின் பக்கத்தில்கூட இது வராது. "நெவர் பிஃபோர்" என்ற பாட்டு வானொலிக்காகச் செய்ததுபோல் ஒட்டாமல் நிற்கிறது. ஆனாலும் இந்த ஆல்பம் பதிவான விதமே அதை முதல் தட்டுக்குரியதாக்குகிறது.

1971 டிசம்பரில் டீப் பர்ப்பிள் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூ நகருக்கு, அங்குள்ள கேசினோவில் ஒலிப்பதிவு செய்யப் போனது. அவர்கள் தொடங்குவதற்கு முன், 4ஆம் தேதி, அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரியில் பார்வையாளர் ஒருவர் சுட்ட சமிக்ஞைத் துப்பாக்கியால் கேசினோ எரிந்து போயிற்று. ஏரியின் மேல் பரவிய அந்தப் புகைதான் "ஸ்மோக் ஆன் தி வாட்டர்". வேறோர் அரங்குக்குப் போனார்கள். சத்தம் தாங்காமல் காவல் துறை நிறுத்தியது. கடைசியில், குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைவழியில் வாத்தியங்களைப் பரப்பி, செப்பலின் பயன்படுத்திய அதே ரோலிங் ஸ்டோன்ஸ் வண்டிக்கு வெளியே கேபிள் இழுத்துப் பதிந்தார்கள். பதிந்ததைக் கேட்க வண்டிக்குப் போவதென்றால் அறைகளையும் மாடங்களையும் சுற்றிப் போக வேண்டும். ஆகவே திரும்பத் திரும்பக் கேட்டுச் செதுக்காமல், ஐந்து பேரும் ஒன்றாக நின்று வாசித்ததையே நம்பினார்கள். தட்டில் கேட்பது அந்த நேரடி வாசிப்பு. மெல்லிய ஒட்டு வேலைகள் குறைவாக இருப்பதால் தூசியும் விசிறியும் அதை அவ்வளவாகக் கெடுப்பதில்லை.

முதல் பக்கம் இருபது நிமிடங்களுக்குள், இரண்டாம் பக்கம் பதினெட்டு நிமிடங்களுக்குள் முடிகிறது. பள்ளத்துக்கு இடம் தாராளமாக இருப்பதால் ஒலியை அமுக்கி வெட்ட வேண்டிய தேவை இல்லை. இரண்டு பக்கங்களின் தலையிலும், ஊசி நன்றாகப் படிக்கும் வெளி விளிம்பில், ஆல்பத்தின் இரண்டு பெரிய பாட்டுகள் நிற்கின்றன: முதல் பக்கத்தில் "ஹைவே ஸ்டார்", இரண்டாம் பக்கத்தில் "ஸ்மோக் ஆன் தி வாட்டர்". "ஹைவே ஸ்டார்" தொடங்குவதை மட்டும் கவனித்துக் கேளுங்கள். பேஸ் கிடார் ஒரே சுரத்தில் விடாமல் துடிக்க, டிரம்ஸ் அதன்மேல் ஏற, ஆர்கன் அடியிலிருந்து உறுமிக்கொண்டு வர, குரல் நீண்ட அலறலாகப் புறப்பட்டுப் பாட்டுக்குள் குதிக்கும். புதிய ஸ்பீக்கர் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு நிமிடம் போதும்.

ஆர்கன் வாசிக்கும் டீச்சர் இந்த ஆல்பத்தில் தேடிப் போனது ரிச்சி பிளாக்மோரின் கிடாரை அல்ல, ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கனை. செவ்வியல் பயிற்சி பெற்ற லார்ட் அந்த ஆர்கனை மார்ஷல் கிடார் ஆம்ப்ளிஃபயரில் செருகி வாசித்தவர்; "லேஸி" பாட்டின் முகப்பில் தனியாக அவர் வாசிக்கும் பகுதியில் ஆர்கன் முறுக்கிக் கரகரப்பதை, "ஃபாதர் கேட்டா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவார்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே டீச்சர் மறுபடி போடச் சொன்னார். நம் பக்கத்து முதியவர்களுக்கும் இந்த ஆல்பம் ஓரளவு எட்டுவதற்குக் காரணம் அந்த ஆர்கன்தான் என்று நினைக்கிறேன். 1970களின் தமிழ்ப் படப் பாட்டுகளில் எலெக்ட்ரிக் ஆர்கன் கேட்டு வளர்ந்த காது, கிடாரின் இரைச்சலுக்கு நடுவிலும் தெரிந்த குரல் ஒன்றைக் கண்டுகொள்கிறது.

மைக்செட் அண்ணனுக்கு இதில் உடன்பாடில்லை. டிரம்ஸ் பதிவில் செப்பலின் பக்கத்தில் இது நிற்காது, அதற்காகவே நல்ல ஊசி வாங்கிக்கொண்டு செப்பலினில் தொடங்கலாம் என்பது அவர் வாதம். ஊசிக்குப் பணம் இருப்பவருக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

எதை வாங்கினாலும் எங்கே வைப்பீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும். சேலத்துக் கோடையில் மூடிய காரின் பின் இருக்கையில் கிடந்த தட்டு அலையலையாக வளைந்துவிடும். வளைந்ததை நிமிர்த்த எடுக்கும் முயற்சிகள் பெரும்பாலும் பள்ளத்தைக் கெடுக்கும். அடுக்கி வைத்தாலும் வளையும். புத்தகம்போல் நிமிர்த்தி வைக்க வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் சிக்கல் வேறு. ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் அட்டை உறை ஈரம் குடித்து, உள்ளுறை தட்டோடு ஒட்டி, வெள்ளைப் பூஞ்சை படரும். மேலே வீடு வைத்திருப்பவர் காகித உள்ளுறையை எடுத்துவிட்டு வழவழப்பான பிளாஸ்டிக் உள்ளுறை போடுவது நல்லது. கேட்க மட்டும் மலையேறுபவர் தட்டை அங்கேயே விட்டுவராமல் அன்றே இறக்கிக் கொண்டுவந்துவிட வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தட்டு நகராதபடி பையில் துணி அடைத்துக்கொள்ளுங்கள்.

"மெஷின் ஹெட்" ஆல்பத்தைப் பழைய தட்டாக வாங்குவதாக இருந்தால் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்துவிடாதீர்கள். தட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து இரண்டாம் பக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். முன்பு வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஊசியை வைத்து எடுத்து வைத்த இடம் "ஸ்மோக் ஆன் தி வாட்டர்" தொடங்கும் அந்த விளிம்புதான். அங்கே சாம்பல் பூத்தாற்போல் தேய்மானம் தெரிந்தால், மற்ற பாட்டுகள் எவ்வளவு பளபளத்தாலும் விலையைப் பாதியாகக் கேளுங்கள். கடைக்காரர் ஒப்பவில்லையென்றால் புதிய அச்சுக்கே காத்திருங்கள்.